போகிறவன் வாசல் வழியாகப் போகட்டும்



சென்ற மார்கழி மாதத்தில், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, சாயங்காலப் பூசை முடிந்து நான் பூசை உடுப்புகளைக் களைந்துகொண்டிருந்தேன். வெளியே உறைபனி விழத் தொடங்கியிருந்தது. நம் பங்கைச் சேர்ந்த ஒரு வாலிபன், வயது 19, சக்ரீஸ்து வாசலில் வந்து நின்றான். சமவெளியில் ஒரு நகரத்துக் கிளப்பில் கால்பந்தாடிச் சம்பளம் வாங்குகிற பிள்ளை அவன். திருநாள் விடுமுறைக்கு வந்தவனுடைய முகத்தில் திருநாளைக் காணவில்லை. "சாமி, ஒரு இடத்தை விட்டுட்டு இன்னொரு இடத்துக்குப் போறது பாவமா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அல்ல. அவனும் அவன் தாயாரும், "எழுதுங்க சாமி, மத்தப் பிள்ளைகளுக்கு உதவட்டும்" என்று சொல்லி அனுமதி தந்த பிறகே இதை எழுதுகிறேன். பெயரை நீங்கள் தேட வேண்டாம். கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பந்து உதைக்காதவர்களுக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். தோட்டத்தில் வேலை செய்கிறவர், ஓட்டலில் வேலை செய்கிறவர், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவர், யாராயிருந்தாலும் ஒரு நாள் ஓர் இடத்தை விட்டுப் புறப்படும்படி ஆகிறதன்றோ?

அவனுடைய சங்கதி இதுதான். 17 வயதில் அந்தக் கிளப்போடு மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டான். ஒன்றரை வருஷம் ஆயிற்று. இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. இதற்கிடையில் முழங்காலில் அடிபட்டபோது கிளப்பார் தங்கள் செலவில் அறுவை செய்து, ஐந்து மாதம் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். அதே கிளப்பார் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடாமல் நிறுத்தியும் வைத்திருந்தார்கள். இந்தச் சமயத்தில் ஒரு தரகன் வந்தான். வேறொரு கிளப் மூன்று பங்கு சம்பளம் தரும் என்றான். "ஊருக்குப் போ, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகாதே, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யோசனையும் சொல்லிக் கொடுத்தான். பையன் அப்படியே சொல்லிவிட்டுத்தான் மலையேறி வந்திருந்தான்.

அவன் ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினபோது எனக்கு மனம் உறுத்திற்று. அந்தக் காகிதத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கையெழுத்திடுமுன் அவனும் அவன் தகப்பனாரும் என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் 11 பக்கம் இருந்தது. நான் முதல் பக்கத்தைப் படித்தேன். சம்பளத் தொகையைப் பார்த்தேன். பையனுடைய தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பினேன். மற்றப் பத்துப் பக்கங்களை அன்றைக்கு நான் படிக்கவில்லை. அறியாதவர்கள் படித்தவனென்று நம்பி என்னிடம் வந்தார்கள், படித்தவன் படிக்கவில்லை. இந்தக் குற்றத்தை உங்கள் முன்பாக ஒப்புக்கொள்ளாமல் அந்தப் பிள்ளைக்குப் புத்தி சொல்ல எனக்கு அதிகாரம் ஏது?

முதலாவது, போவது பாவமா?

பாவமன்று. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நம்மில் சிலர், ஒருவன் பிழைப்பைத் தேடி வேறிடம் போனாலே "நன்றி கெட்டவன்" என்று பட்டம் கட்டிவிடுகிறோம்.

லவ்டேலில் ரயிலேறினால் கேத்தி, அருவங்காடு, அதற்கடுத்தது வெலிங்டன். அங்கே மதராஸ் ரெஜிமெண்டின் மையம் இருப்பதை அறிவீர்கள். அந்தப் பட்டாளத்தின் கால்பந்து அணி 1955-ம் ஆண்டிலும் 1958-ம் ஆண்டிலும் டூரண்ட் கோப்பையை வென்றது. அந்த அணியிலிருந்து புகழடைந்தவர் பீட்டர் தங்கராஜ். 1935-ல் ஐதராபாத்தில் பிறந்து, பட்டாளத்தில் சேர்ந்து, முன்வரிசையில் ஆடத் தொடங்கி, பிற்பாடு கோல் காவலரானவர். 1956-ல் மெல்போர்னிலும் 1960-ல் ரோமாபுரியிலும் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்றார். 1962-ல் ஜகார்த்தாவில் தங்கப்பதக்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

இவர் பட்டாள அணியை விட்டுக் கல்கத்தாவுக்குச் சென்றபின் எந்தக் கிளப்பில் ஆடினார் தெரியுமா? முதலில் முகமதன் ஸ்போர்ட்டிங், பிறகு மோகன் பகான், அதன்பின் ஈஸ்ட் பெங்கால். கல்கத்தாவில் இந்த மூன்று கிளப்புகளுக்கும் உள்ள போட்டி சாமானியமன்று. ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசாமல் இருக்கும்படி செய்கிற போட்டி. அப்படிப்பட்ட மூன்று வாசல்களிலும் தங்கராஜ் நுழைந்தார். 2008-ல் அவர் இறந்தபோது அவரை இந்தியாவின் பெரிய கோல் காவலர் என்றே நினைவுகூர்ந்தார்கள். கோலுக்கு முன்னால் நின்ற நாளெல்லாம் எந்தச் சட்டை போட்டிருந்தாரோ அந்தச் சட்டைக்காகவே பந்தைப் பிடித்தார் என்பதைத் தவிர வேறு என்ன வேண்டும்?

மனிதன் தொழுவத்தில் கட்டின மாடு அல்ல. இதை நம் மலை ஜனங்களுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1964-ம் வருஷத்து ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி இந்த நீலகிரியில் குடியேறின குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுடைய பாட்டன் பூட்டன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு காகிதம் இருந்தது. கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். அவன் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடன் தொகை எழுதின துண்டு வேண்டும். அதைக் கட்டித் தீர்க்கிற தோட்டம்தான் அவனை எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கு விலை எழுதின சீட்டு என்றே அதைச் சொல்ல வேண்டும். 1921-ம் ஆண்டில் சட்டத்தினால் அது ஒழிக்கப்பட்டது.

இந்தத் துண்டு ஏழைத் தொழிலாளிக்கு மட்டும் இருந்ததென்று நினையாதீர்கள். கால்பந்தின் தாய்நாடென்று சொல்லப்படுகிற இங்கிலாந்திலும், ஒப்பந்த காலம் முடிந்த பின்பும் ஆட்டக்காரனைக் கிளப் விடாமல் பிடித்துவைக்கலாம் என்ற விதி இருந்தது. நியூகாசில் கிளப்பில் ஆடின ஜார்ஜ் ஈஸ்டாம் என்பவர் 1960-ல் விலகிப்போக விரும்பினார், விடவில்லை. அவர் ஆட மறுத்து, தக்கை விற்கும் வேலைக்குப் போனார். அவ்வாண்டிலேயே 47,500 பவுனுக்கு அவரை ஆர்சனல் கிளப்புக்கு விட்டார்கள். ஆனாலும் அவர் வழக்கை விடவில்லை. 1963-ல் நீதிபதி வில்பர்போர்ஸ், அப்படிப் பிடித்துவைப்பது நியாயமற்ற தடை என்று தீர்ப்புச் சொன்னார். பின்னும், பெல்ஜியம் தேசத்து ழான் மார்க் போஸ்மான் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் ஐரோப்பியச் சமூகத்தின் வேறொரு நாட்டுக் கிளப்புக்குப் போக விலை கேட்கக்கூடாதென்று 1995 டிசம்பர் 15-ம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிற்று. ஆகையால், தவணை முடிந்தவன் போகலாம். தடுக்க யாருக்கும் உரிமையில்லை.

இரண்டாவது, தவணை முடியாதவன் என்ன செய்வது?

இங்கேதான் நம்முடைய பையனின் சங்கடம். அவனை யாரும் கயிறு போட்டுக் கட்டவில்லை. "மூன்று வருஷம் இருப்பேன்" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறான். கயிற்றை அறுக்கலாம், கொடுத்த வாக்கை அறுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். ஆம் என்றால் ஆம் என்றும், இல்லை என்றால் இல்லை என்றும் இருக்கவேண்டும் என்பதல்லவோ நம் ஆண்டவர் கற்பித்தது?

வேதாகமத்தில் இதற்கென்றே எழுதினாற்போல ஒரு சரித்திரம் உண்டு. யாக்கோபு தன் மாமனாகிய லாபானிடத்தில் 20 வருஷம் வேலை செய்தான். ராக்கேலுக்காக ஏழு வருஷம் உழைத்தவனுக்கு லீயாளைக் கொடுத்து ஏமாற்றினான் லாபான். மறுபடி ஏழு வருஷம். மந்தைக்காக ஆறு வருஷம். பத்துத் தடவை கூலியை மாற்றினான். இப்படிப்பட்ட எஜமானனை விட்டுப் போக யாக்கோபுக்கு நியாயம் இல்லையா? இருந்தது, போகும்படி சர்வேசுரனே கட்டளையிட்டார். ஆனால் யாக்கோபு போன விதம் எப்படி? லாபான் ஆட்டுமயிர் கத்தரிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் ஆற்றைக் கடந்து ஓடினான். நியாயம் அவன் பக்கம் இருந்தும், ஓடினவுடன் அவன் திருடனைப்போல் ஆனான். பின்னாலே லாபான் ஏழு நாள் துரத்திக்கொண்டு வந்தான். யாக்கோபுக்குத் தெரியாமல் ராக்கேல் தகப்பன் வீட்டு விக்கிரகங்களைத் திருடி ஒட்டகச் சேணத்தில் ஒளித்து வைத்திருந்தாள். மறைவாகப் போகிறவனுடைய மூட்டையில் அவன் அறியாமலே ஏதாவது ஒரு திருட்டு ஏறிவிடுகிறது, பார்த்தீர்களா! கடைசியில் மலையின்மேல் இருவரும் முகத்துக்கு முகம் நின்று, மனதிலுள்ளதையெல்லாம் கொட்டித் தீர்த்து, கற்களைக் குவித்து உடன்படிக்கை செய்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மறுநாள் காலையில் லாபான் தன் மக்களையும் பேரப்பிள்ளைகளையும் முத்தமிட்டு ஆசீர்வதித்துத் திரும்பினான். புறப்படுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய பேச்சை, துரத்தலும் பயமும் முடிந்தபின் செய்தார்கள்.

நம் நாட்டிலே சமீபத்தில் நடந்ததையும் சொல்லுகிறேன். அன்வர் அலி என்ற தற்காப்பு ஆட்டக்காரர், இருதயத்தில் கோளாறு கண்டு ஆடக்கூடாதென்று தடுக்கப்பட்டு, பிறகு களத்துக்குத் திரும்பி இந்திய அணியில் இடம் பிடித்தவர். டெல்லி எஃப்.சி. கிளப்பிலிருந்து நீண்டகால இரவலாக மோகன் பகானுக்கு ஆடிவந்தவர், 2024-ல் அந்த ஏற்பாட்டை முறித்து ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் குழு அவ்வாண்டு செப்டம்பர் 10-ம் தேதி, நாலு மாதம் ஆடக்கூடாதென்றும், 12 கோடியே 90 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டுமென்றும் தீர்ப்புச் சொல்லிற்று. சில நாளைக்குள் வழக்கு டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டு மறுவிசாரணைக்கு ஆளாயிற்று. இதில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் நீதிபதி அல்ல. ஆனால் ஒரு மனிதன் ஓரிடம் விட்டு ஓரிடம் போவது, மூன்று கிளப்புகளும் ஒரு சம்மேளனமும் ஒரு உயர் நீதிமன்றமும் கூடிப் பிரிக்க வேண்டிய சிக்கலாகிவிடும் என்பதை மட்டும் நம் பிள்ளைகள் கண்டுகொள்ளட்டும். நம் பையனுக்கு வக்கீல் வைக்கப் பணமேது?

நான் அந்த 11 பக்கங்களையும் அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதிகளையும் தேடிப் பார்த்தேன். ஒப்பந்தம் முடிய ஆறு மாதமே இருக்கும்போது ஆட்டக்காரன் வேறு கிளப்போடு தாராளமாய்ப் பேசலாம். அதற்கு முன் ஒரு கிளப் அவனை விரும்பினால், அவனை வைத்திருக்கிற கிளப்புக்கு முதலில் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் நியாயமின்றி நிலுவையானால், 15 நாள் தவணை கொடுத்து எழுத்தில் கேட்டு, அப்போதும் கொடாவிட்டால் விலகலாம். 18 வயது நிரம்பாதவனோடு மூன்று வருஷத்துக்கு மேல் ஒப்பந்தம் செய்யக்கூடாது. இவ்வளவு வாசல்கள் திறந்திருக்கின்றன. தரகன் காட்டினதோ கொல்லைப்புறத்து வேலி.

மூன்றாவது, துரோகம் என்பது எது?

இதைத்தான் உங்கள் மனதில் பதிய வைக்க விரும்புகிறேன். கப்பர்நாகூமிலே ஆண்டவருடைய உபதேசம் கடினமென்று சொல்லி, அநேக சீஷர்கள் அவரை விட்டுப் போனார்கள். அவர்களை யாரும் துரோகி என்று பெயரிட்டதில்லை. சேசுநாதர் அவர்களைத் துரத்திக்கொண்டு போகவில்லை. பன்னிருவரையும் பார்த்து, நீங்களும் போக மனதாயிருக்கிறீர்களோ என்றுதான் கேட்டார். அண்டசராசரங்களையும் படைத்தவர் தம்மோடு இருந்தவர்களுக்கு வாசலைத் திறந்து வைத்தார்! அப்போது போகாமல் நின்றவர்களில் யூதாசும் ஒருவன். அவன் பிற்பாடு ஆண்டவரை 30 வெள்ளிக்காசுக்குப் பேசிமுடித்த பின்பும் கூடவே இருந்தான்; ஒரே கலத்தில் கையிட்டுச் சாப்பிட்டான். ஆகவே போனதனால் அல்ல, மனதால் போய்விட்டும் உடம்பால் கூட இருந்ததனால் அவன் துரோகியானான்.

இதைக் கொண்டு நம்மை நாமே பார்த்துக்கொள்வோம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிற ஆட்டக்காரன், விடுதலை கிடைக்கட்டுமென்று வேண்டுமென்றே மந்தமாக ஓடுகிறான். இல்லாத காயத்தைக் காட்டுகிறான். ஒப்பந்தத்தை முறிக்கவில்லை என்று அவன் சொல்லலாம். உள்ளபடி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக முறித்துக்கொண்டிருக்கிறான். வேறு வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, இந்த வேலையில் தேயிலைக் கொழுந்தோடு முற்றின இலையையும் சேர்த்துப் பறித்துப் போடுகிறவனும் அவனுக்குச் சகோதரனே. போகிற நாள் மட்டும் முழு மனதோடு இரு. போகிற நாளில் சொல்லிவிட்டுப் போ. உண்மை என்பது இவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து வரும் இடத்தில், அடைத்துவைத்து வேலை வாங்கும் இடத்தில், யாரிடமும் விடைபெற வேண்டாம், ஓடிவிடுங்கள். அர்ச். சூசையப்பர் திருக்குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடிரவாக எஜிப்துக்குப் புறப்பட்டார்; ஏரோதுவிடம் உத்தரவு கேட்கவில்லை. இன்னொன்று: நான் சொல்லுவது வேலை ஒப்பந்தத்தைப்பற்றி. மெய்விவாகம் தவணை வைத்து எழுதின ஒப்பந்தமன்று. அது தேவதிரவிய அனுமானம். ஆகையால் யாரும் இதைப் படித்துவிட்டு வீட்டு வாசலைப் பார்க்க வேண்டாம்.

நான்காவது, பிடித்து வைத்திருக்கிறவர்களுக்கு

உண்மை என்பது போகிறவனுக்கு மட்டும் உரிய கடனன்று. கூலியைக் காலத்தில் கொடாமல் "விசுவாசமாய் இரு" என்று சொல்லுகிற எஜமானன் எந்த முகத்தோடு சொல்லுகிறான்? கூலிக்காரனுடைய கூலியைப் பிடித்துவைப்பது பரலோகத்தை நோக்கிக் கூப்பிடும் பாவங்களில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்தோமே. காயம்பட்டபோது பார்த்தோம் என்று ஆயுள் முழுவதும் சொல்லிக்காட்டுவதும் தருமமன்று. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும், மெய்தான். ஆனால் உப்பிட்டவர் அதைக் கடனாக்கித் துண்டு எழுதலாகாது.

நன்றிக்கு ஒழுங்கான வழி உண்டு. கால்பந்து விதியிலேயே அழகான ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒப்பந்த காலத்துக்குள் ஆட்டக்காரன் ஒருவன் ஒரு தேசத்திலிருந்து மறு தேசத்துக் கிளப்புக்கு விலை பேசி மாறும்போது, அந்தத் தொகையில் 100-க்கு 5 பங்கை, அவன் 12 வயது முதல் 23 வயது வரையில் எந்தெந்தக் கிளப்புகளில் பயிற்சி பெற்றானோ அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். போகிறவன் போகிறான், வளர்த்தவனுக்கும் பங்கு போகிறது. விதி எழுதினவர்களுக்கே இது தோன்றியிருக்க, கிறிஸ்தவர்களாகிய நமக்குத் தோன்றாமல் போகலாமா? பெற்றோரே, பிள்ளை ஊரைவிட்டுப் போகிறானென்று சாபமிடாதீர்கள். பிள்ளைகளே, போன இடத்திலிருந்து அந்த ஐந்து பங்கை மறவாதீர்கள். பணமாக இல்லாவிட்டால் ஒரு கடிதமாக.

பையனுக்கு என்ன ஆயிற்று?

மறுநாள் அவனையும் அவன் தாயாரையும் அழைத்துப் பேசினேன். தரகன் சொல்லிக் கொடுத்த பொய் அந்த அம்மாளுக்கு அதுவரை தெரியாது. கேட்டதும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "என்னை நோயாளி ஆக்கிட்டு நீ சம்பாதிக்கிற காசு எனக்கு வேண்டாம்பா. எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு, நாளைக்கும் கொழுந்து எடுக்கப் போவேன்" என்றார். நான் ஆயத்தம் பண்ணியிருந்த பிரசங்கம் அதோடு முடிந்தது. இதற்குமேல் எந்த வேதசாஸ்திரி என்ன சொல்ல முடியும்?

நம் பிள்ளைகள் பந்தாடும் சரிவில் ஒரு வழக்கம் உண்டு. பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு பள்ளத்தில் போய்விட்டால், உதைத்தவனே இறங்கி எடுத்துவர வேண்டும். படியாத பத்துப் பக்கங்களை ஆசீர்வதித்து அனுப்பினவன் நான். ஆகையால் திருநாள் கழிந்து, மூன்று இராசாக்கள் திருநாளுக்கு மறுநாள், அவனோடு நானும் மலையிறங்கிப் போனேன். கிளப் மேனேஜர் முன்னால் பையன் நின்று, அம்மாவுக்கு நோய் என்று சொன்னது பொய்யென்றும், வேறு கிளப் கூப்பிடுகிறதென்றும், தனக்குப் போக விருப்பமென்றும், தன்னை முறையாக விடுவிக்க முடியுமா என்றும் கேட்டான். குரல் நடுங்கிற்று, ஆனால் தலை குனியவில்லை. நிலுவைச் சம்பளத்தைப்பற்றி நான் பேசினேன்.

கதைப் புத்தகமாயிருந்தால் மேனேஜர் அவனைத் தழுவிக்கொண்டிருப்பார். நடந்தது அப்படியல்ல. அவர் மிகவும் கோபித்துக்கொண்டார். விடுவிக்க மாட்டோம் என்றார். ஏழு வாரம் பையனை ஆடவிடாமல் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். கூப்பிட்ட கிளப் காத்திருக்கவில்லை. வேறொரு பிள்ளையை எடுத்துக்கொண்டது. மூன்று பங்கு சம்பளம் போயிற்று. பிற்பாடு ஓர் ஆட்டக்காரனுக்கு அடிபட்டபோதுதான் இவனுக்கு மறுபடி இடம் கிடைத்தது. நிலுவைச் சம்பளம் வந்தது. இனி யாராவது முறைப்படி கேட்டு, பேசின தொகை கொடுத்தால் விடுவிப்பதாகக் கிளப்பார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பணக் கணக்குப் பார்த்தால் அவனுக்கு நஷ்டமே. அதை மறைத்துச் சொன்னால் நானும் தரகனைப்போலவே பேசினவனாவேன்.

இந்த மழைக்காலத்தில் ஒரு வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். "வருத்தமா இருக்கா தம்பி?" என்று கேட்டேன். "இருக்கு சாமி" என்றான். சிறிது பொறுத்து, "ஆனா போன் மணி அடிச்சா இப்ப பயமில்லை" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே இவ்வளவும் எழுதினேன். யாக்கோபு ஏழு நாள் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே ஓடின அந்தக் காலடிச் சத்தம் இவனுக்குக் கேட்கவில்லை.

ஆகையால், பிரியமானவர்களே, மூன்று காரியங்களை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். கையெழுத்திடுமுன் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள். இனி முதல் பக்கத்தோடு நிறுத்தமாட்டேன். இருக்கிற நாளில் முழு மனதோடு இருங்கள். போகிற நாளில் பகலிலே, முகத்துக்கு முகம் சொல்லி, வாசல் வழியாகப் போங்கள்.

வாசலும் வழியுமாகிய நம் ஆண்டவர் சேசுநாதர், இம்மலையை விட்டுப் போகிற நம் பிள்ளைகளையும், போகவிட்டுக் காத்திருக்கிற தாய் தகப்பன்மாரையும், அவர்களை வைத்து வேலை வாங்குகிற எஜமானர்களையும் தம்முடைய திருக்கரத்தால் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்கு சுவாமி